பிரேக்கைப் பிடித்த எட்டுக் கைகள்

சொந்தத் தப்பை அடுத்தவர் தலையில் கட்டாத மனிதன் கிடையாது. பெரும்பாலானவர்கள் மனைவி, மைத்துனன், மேலதிகாரி என்று கைக்கெட்டிய தலையாகப் பார்த்துக் கட்டுவார்கள். நான் என் இருபதாவது வயதில் ஒரு தெய்வத்தின் தலையில் கட்டினேன். அதுவும் கொல்லிமலை மேல் எட்டுக் கைகளோடு உட்கார்ந்திருக்கும் அம்மன் தலையில். (மூளை இருக்கிறவன் செய்கிற காரியமா இது?) இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இனியும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நன்றாக இல்லை.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் பட்டறையில் நான் மெக்கானிக். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டது நான் மட்டும்தான். பட்டறை மேஸ்திரி என்னை "டேய், ஸ்பேனர்" என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் இங்கிலீஷ் மோட்டார் புத்தகம் ஒன்று இருந்தது. இங்கிலீஷ் தெரியாது. படங்களைப் படித்தேன். படித்த வரையில் உலகம் முழுவதும் நட்டும் போல்ட்டும்தான், பேய் பிசாசெல்லாம் பித்தலாட்டம் என்று முடிவு கட்டி, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மார்கழியில் முள்ளுக்குறிச்சி காசிம் ராவுத்தருடைய கார் பிரேக் வேலைக்கு வந்தது. ராவுத்தர் மிளகு வியாபாரி. அந்தக் காலத்தில் மலை மேல் கார் போக ரோடு கிடையாது. மலைக்காரர்கள் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார்கள். வெயிலுக்கு முன் திரும்பி ஏற வேண்டும் என்பதால் விடியும்போதே அடிவாரத்துக்கு வந்துவிடுவார்கள். ராவுத்தரின் கார் பின் சீட்டைக் கழற்றி, பின்பக்கம் பலகை அடித்து, மூட்டை ஏற்றத் தோதாக இருக்கும். அதை ஓட்டியவர் மாரப்பன். நாற்பது வயது, நாலு பெண் குழந்தைகள், சாது. காரோடு பேசுவார். "ஏறு கண்ணு, ஏறு சாமி" என்று அவர் மேட்டில் கெஞ்சுவதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன்.

அது எண்ணெய் பிரேக் வண்டி. பெடலை மிதித்தால் எண்ணெய் மெல்லிய குழாய்கள் வழியாக நாலு சக்கரத்துக்கும் ஓடி, உள்ளே இருக்கும் கட்டைகளைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கும். காலை எடுத்தால் எண்ணெய் திரும்பி வரும், சக்கரம் விடுபடும். மேஸ்திரி தேய்ந்த ரப்பர்களை எல்லாம் மாற்றிவிட்டு, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது எண்ணெய் ஊற்றும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார்.

"சீமையில இருந்து வர்ற பிரேக் எண்ணெ இல்ல. வெளக்கெண்ணெ பாதி, ஸ்பிரிட்டு பாதி. கலக்கி ஊத்தோணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

ஸ்பிரிட் ராசிபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பெர்மிட் காட்டித்தான் வாங்க வேண்டும். மதுவிலக்குக் காலம் அல்லவா. பெர்மிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், பாட்டிலை வாங்கிக்கொண்டு, சந்தைக் கூட்டத்தின் வழியாகத் திரும்பி வந்தேன். எதிரே போலீஸ்காரர் ஒருவர் நேராக என்னைப் பார்த்து வந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடி, பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை மண்ணில் கொட்டினேன். போலீஸ்காரர் பின்னாலேயே வந்து, "ஏம்பா, தீப்பெட்டி இருக்குதா?" என்றார். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு போன பிறகுதான் சர்க்கார் முத்திரை குத்திய பெர்மிட் என் சட்டைப் பையில் இருப்பதே ஞாபகம் வந்தது.

இன்னொரு பாட்டில் வாங்க அதே பெர்மிட் செல்லாது. உண்மையைச் சொன்னால் மேஸ்திரி தோலை உரிப்பார். யோசித்தேன். எண்ணெய்தானே வேலை செய்கிறது, ஸ்பிரிட் சும்மா அழுக்கு எடுக்கத்தான் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு பாடம் நடத்திக்கொண்டேன். புத்தகப் படத்திலும் ஸ்பிரிட் இல்லை. சுத்தமான விளக்கெண்ணெயை ஊற்றினேன். பகல் பன்னிரண்டு மணி. பெடல் வெண்ணெய் போல இறங்கியது. மாரப்பன் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துப் போனார். மேஸ்திரி திரும்பி வந்து கேட்டார்:

"ஸ்பிரிட்டு கலந்தியாடா?"

"கலந்தனுங்க."

அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை.

மூன்றாம் நாள் மதியம் மாரப்பன் வண்டியோடு பட்டறைக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"மெக்கானிக் தம்பி, பெடலு கல்லாட்டம் இருக்குதுங்க. காலை வெச்சா அடியில இருந்து ஆரோ எதுத்து மிதிக்கறாங்க. மிதிச்சுட்டு எடுத்தா வண்டிய உடமாட்டேங்குது. அதுவும் பேசாக்கல்லுகிட்டத்தான்."

பேசாக்கல் என்பது முள்ளுக்குறிச்சியிலிருந்து அடிவாரம் போகும் ரோட்டில், ஓர் இலுப்பை மரத்தடியில் இருக்கும் எல்லைக்கல். மலைக்கு மேலே இருக்கும் அம்மனின் எல்லை அங்கே ஆரம்பிக்கிறது. இலுப்பை மரத்திலிருந்து அடுத்து வரும் சிறு பாலம் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உன் குரலிலேயே பதில் வரும் என்பார்கள். வண்டியில் போனாலும் நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கல்லின் மேல் ஒரு பச்சிலை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ராவுத்தர்கூட அந்த இடத்தில் பேசமாட்டார்.

பெடலை மிதித்துப் பார்த்தேன். வெண்ணெய். கீழே படுத்துப் பெடலின் அச்சுக்கு கிரீஸ் வைத்தேன். இழுக்கும் ஸ்பிரிங்கை மாற்றினேன். நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், காற்றாடியாகச் சுற்றின. மேஸ்திரியும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, பிரேக்குல ஒண்ணுமில்ல. உங்க நெஞ்சுலதான் கோளாறு" என்றேன். மாரப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் விடியலில் பெடல் மறுபடி கல்லானது. ராவுத்தர் ஆள் அனுப்பினார். "போயி வண்டியிலயே உக்காந்து பாத்துட்டு வா. கண்டுபுடிக்காம பட்டறைக்கு வராத" என்று மேஸ்திரி என்னைத் துரத்திவிட்டார்.

முள்ளுக்குறிச்சியில் ராவுத்தர் வீட்டு வண்டிக் கொட்டகையில் படுத்து எழுந்து, கீழ்வானம் வெளுக்கும்போது மாரப்பனோடு கிளம்பினேன். பனி ரோட்டை விழுங்கியிருந்தது. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. அது லேசான ஏற்றம், எதிரே வண்டி வராத ரோடு. பிரேக் தேவைப்படவே இல்லை. இலுப்பை மரம் கருப்பாகத் தெரிந்ததும் மாரப்பன் பேச்சை நிறுத்தினார். காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். அவர் முழு உடம்பும் சீட்டிலிருந்து எழும்பியது. வண்டி முனகிக்கொண்டு நின்றது.

அவர் இறங்கிச் செருப்பைக் கழற்றும்போது நான் குனிந்து பெடலைப் பார்த்தேன். கால் எடுத்த பெடல் சட்டென்று எழும்ப வேண்டும். அது எழும்பவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, தூங்குகிறவன் மார்பு மேலேறுவது போல ஏறி வந்தது. என் புத்தகத்தில் அப்படி ஒரு படம் இல்லை.

மாரப்பன் பச்சிலை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். என்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. மறுபடி உறுமியது. நகரவில்லை. அப்போது எங்களுக்குப் பின்னால் வண்டி லேசாக அசைந்தது. யாரோ பின்பக்கம் சாய்ந்து மூச்சு விடுவது போல ஒரு அசைவு. பின்னால் பலகை அடித்திருந்ததால் பார்க்க வழியில்லை. காலடி இல்லை, பேச்சு இல்லை. அந்த இடத்தின் கட்டுப்பாடு மறந்து, "ஆரது?" என்று கத்திவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து, என் குரலிலேயே, "ஆரது?" என்று வந்தது.

(பாறையில் பட்டுத் திரும்பிய எதிரொலி. இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அப்போது நான் மாரப்பன் மடியில் இருந்தேன்.)

அசைவு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, பிடித்த கை விட்டது போல வண்டி தானாக விடுபட்டு ஒரு குதி குதித்து ஓடியது. பாலம் தாண்டி அடிவாரத்தில் நின்றதும் இறங்கிப் பின்பக்கம் போனோம். கருப்புப் பெயிண்ட் அடித்த பின்பலகை முழுக்கப் பனித்துளி பூத்திருந்தது. அதில் உள்ளங்கைகள் பதிந்திருந்தன. விரல் விரலாக, தெளிவாக. மாரப்பன் உதடு அசைய எண்ணினார். நானும் எண்ணினேன். எட்டு.

மாரப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நட்டு, போல்ட்டு, இங்கிலீஷ் புத்தகம் எல்லாவற்றையும் அந்த நிமிஷமே கைவிட்டு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பயத்துக்கு நடுவே எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அம்மன் பிடிக்கிறாள் என்றால் நான் ஸ்பிரிட் கலக்காதது காரணம் இல்லையே. ராவுத்தரிடம் போய், "பிரேக்குல கோளாறு இல்லீங்க. இது வேற" என்று நானே வாயால் சொன்னேன். மெக்கானிக்கே சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டே நாளில் சேதி மலை ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடியலில் மலை மேல் இருக்கும் எடப்புளி நாட்டிலிருந்து செம்பன் கவுண்டர் இறங்கி வந்தார். அந்த நாட்டில் அடங்கிய ஊர்களுக்கு நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டர் அவர். பின்னால் மிளகு மூட்டைகளோடு பதினைந்து பேர். ராவுத்தர் என்னையும் கூட்டிப் போயிருந்தார். அன்றும் கல்லுக்குப் பக்கத்தில் வண்டி பிடித்துக்கொண்டு நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு, பேசலாம் என்கிற பாலத்துக்கு அப்பால் எல்லோரும் நடந்து போய் நின்றோம். பனியில் அவர்கள் முகம் ஒன்றும் தெரியவில்லை. குரல்தான் வந்தது.

"ராவுத்தருங்க, வண்டி மேல அம்மாளுக்குக் கோவமில்ல. ஓட்டறவன் மேலதான். என்னமோ தீட்டுப் பண்ணியிருக்கறான். ஒரு வருசம் அவன் இந்த ரோட்டுல சக்கரத்தத் தொடக்கூடாது. தொட்டா எங்க மொளகு இந்தப் பக்கம் எறங்காதுங்க, அந்தப் பக்கம் தொறையூருக்குப் போயிரும்."

ராவுத்தர் மாரப்பன் பக்கம் திரும்பினார். "மாரப்பா, நான் என்னப்பா பண்ணட்டும்?" என்றார்.

மாரப்பன் வாதாடவில்லை. சாவியை எடுத்து ராவுத்தர் கையில் வைத்தார். "ரெண்டாவது கியரு கொஞ்சம் அடம் புடிக்குமுங்க மொதலாளி. அதட்ட வேண்டாம்னு புது ஆளுகிட்ட சொல்லுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொன்னது சரிதான் தம்பி. கோளாறு எம்மேலதான்" என்றார்.

நாலு பெண் குழந்தைகள் இருக்கிற வீடு அது. ஒரு வருஷம் அவர் என்ன செய்வார்? சொல்லிவிடு என்று மனசு சொன்னது. ஆனால் அந்த எட்டுக் கைகளை நானே கண்ணால் பார்த்தேனே, ஸ்பிரிட்டுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொரு மனசு வக்காலத்து வாங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

எடுத்த முடிவைக் கல்லுக்கு முன் விளக்கேற்றி உறுதி செய்ய வேண்டும். எல்லோரும் மறுபடி இலுப்பை மரத்தடிக்கு வந்தோம். பேச்சு இல்லை. செம்பன் கவுண்டர் மடியிலிருந்து சிறு பாட்டிலை எடுத்து அகல் மேல் கவிழ்த்தார். எண்ணெய் விழவில்லை. பாட்டில் வாயில் ஒரு துளி பிதுங்கி, இறங்கலாமா வேண்டாமா என்று தொங்கியது. அவர் அவசரப்படவில்லை. வருஷா வருஷம் செய்கிறவர் போல பாட்டிலைக் கம்பளிக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கவிழ்த்தார். இப்போது சோம்பலாக, நூல் போல இறங்கியது.

நான் அந்த நூலையே பார்த்தேன். அகலில் ஊற்றுவது என்ன எண்ணெய் என்று மூக்குக்குத் தெரிந்தது. தூங்குகிறவன் மார்பு போல ஏறிய பெடல் கண் முன் வந்தது. மதியம் வெண்ணெய், விடியலில் கல். இந்த ரோட்டில் பிரேக் பிடிக்கிற ஒரே இடம் இதுதான். என்னை அறியாமல், இருபது பேர் மூச்சடக்கி நின்ற அந்த இடத்தில், முழுத் தொண்டையில் கத்தினேன்:

"வெளக்கெண்ணெ!"

"...எண்ணெ" என்றது பனி.

பதினைந்து மலைக்காரர்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கால் தரையில் படாமல் பாலம் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். போலீஸ்காரர், தீப்பெட்டி, மாட்டுக் கொட்டகை, மேஸ்திரியிடம் சொன்ன பொய், எல்லாம். பாதியில் அழுதேன் என்று மாரப்பன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். பனித்துளியாக இருக்கும்.

"எண்ணெ குளுருல தடிச்சுப்போச்சுங்க. மிதிச்சா போகமாட்டேங்குது, போனா திரும்ப மாட்டேங்குது. அதுதான் சக்கரத்தைப் புடிச்சுக்குது" என்றேன்.

"காட்டு" என்றார் ராவுத்தர்.

வண்டிக்குப் போய், ஜாடையில் மாரப்பனைப் பெடலை மிதிக்கச் சொல்லி, முன் சக்கரத்தில் பிரேக் குழாயின் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினேன். பீறிட்டு வர வேண்டிய எண்ணெய், அகலில் விழுந்த அதே நூலாக, சோம்பலாக வந்தது. செம்பன் கவுண்டர் குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தார். தன் பாட்டிலை முகர்ந்தார். பாலம் தாண்டி வந்துதான் பேசினார்.

"அட சாமி, மார்கழிக் குளுருக்கு இது எறங்காதுன்னு எங்கூட்டுக் கொழந்தைக்கும் தெரியுமே. வெயிலு ஏறோணும்."

ஆகவே வெயில் ஏறக் காத்திருந்தோம். மலை கிழக்கே மறைப்பதால் அந்த இடத்துக்கு வெயில் வர எட்டு மணி ஆகும். அதுவரை பதினைந்து பேரும் ராவுத்தரும் பாலத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கல்யாணத்தில்கூட என்னை அத்தனை பேர் அத்தனை நேரம் பார்க்கவில்லை.

வெயில் வந்தது. பானெட் சூடேறியது. மாரப்பன் பெடலை மிதித்தார், அது இறங்கி, பட்டென்று எழும்பியது. செம்பன் கவுண்டர் தானும் ஏறி உட்கார்ந்து வெறும் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு பதினைந்து பேரும் ஒவ்வொருவராக ஏறி மிதித்தார்கள். ராவுத்தர் சாவியை மாரப்பன் கையில் திருப்பி வைத்தார். மாரப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூட்டையை ஏற்றிக்கொண்டு, பாலத்தின் அந்தப் பக்கம் நின்றபோது ராவுத்தர் கேட்டார்: "எண்ணெ சமாச்சாரம் சரி. அன்னிக்குப் பலகையில எட்டுக் கை பதிஞ்சிருந்துதே. அது என்னது?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் கூச்சத்தோடு கை தூக்கினார். "நாங்கதானுங்க. அன்னிக்கு முள்ளுக்குறிச்சியில வாங்குன உப்பு மூட்டையோட மலைக்குத் திரும்பி உங்க பின்னால வந்துட்டு இருந்தோம். வண்டி நகரல, சரி தள்ளி உடலாம்னு தள்ளுனோம். கல்லுகிட்ட பேசக்கூடாதுங்களே, அதான் சத்தம் போடல. இந்தத் தம்பி போட்ட சத்தத்துல பயந்துட்டு ஓடிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அடிவாரமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பழி முழுக்க இறங்கிவிட்ட சிரிப்பு.

"அப்ப நாலு பேரா?" என்றார் ராவுத்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கை தூக்கியவர் தன் பக்கத்தில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார்.

"இல்லீங்க. நாங்க மூணு பேருதான்."

ராவுத்தர் விரல் விட்டு எண்ணினார். சிரிப்பு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. செம்பன் கவுண்டர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக இலுப்பை மரத்தடிக்கு நடந்து போய், அணைந்து கிடந்த விளக்கை மறுபடி ஏற்றினார்.

மேஸ்திரி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மறு வருஷம் முழுக்க ஸ்பேனரைக்கூடத் தொடவிடாமல் டயர் கழுவ வைத்தார். மாரப்பன் ஆறு மாதம் பேசவில்லை. பிறகு என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாக என்னை அதே காரில் அவர்தான் அழைத்துப் போனார். அந்தக் கதையைப் பெண் வீட்டாருக்குச் சொன்னதும் அவர்தான்.

அதனால் என் வீட்டில் இன்று வரை, முறுக்கு டப்பா காலியாக இருந்தால், "அந்த மீதி ரெண்டு கைதான்" என்கிறார்கள். காய்கிற துணியை யாரோ மடித்து வைத்திருந்தால் மீதி ரெண்டு கை. பேரன் பரீட்சையில் நன்றாக எழுதினால்கூட என் மனைவி, "உங்க தாத்தாவுக்கு ஒத்தாசை பண்ணுன கைடா" என்கிறாள். யாரோ ஒருவன் கையை மாற்றி மாற்றி வைத்துத் தள்ளியிருப்பான், அவ்வளவுதான் என்று நானும் ஐம்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை.

மார்கழியில் மட்டும், வாசலில் நிற்கும் மகனுடைய காரின் மேல் படிந்த பனியை மற்றவர்கள் எழுவதற்கு முன் நானே துடைத்துவிடுகிறேன். முதலில் பின்பக்கம். பார்க்காமல்.